குழந்தை படித்துக்காட்டும் எழுத்து

கல்யாண வீடியோவில் காத்திருப்பு என்பதே இருக்காது. முகூர்த்த நேரம் நெருங்குகிறதே என்று ஐயர் பரபரப்பதும், மாப்பிள்ளை வீட்டு வேன் பஞ்சராகி மீஞ்சூரில் நிற்பதும், பந்தியில் இடம் கிடைக்காத தாத்தா தூணோரம் நிற்பதும் நாங்கள் கொடுக்கும் படத்தில் வராது. நாள் முழுக்கப் பிடித்ததை இரண்டு மணி நேரமாக்குவோம்; அதிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒரு 'டீசர்' செய்வோம். பெண்ணின் அம்மா அழுதது சாப்பாட்டுக்கூடத்தில் என்றாலும் தாலி ஏறும் இடத்தில் அந்தக் கண்ணீரைக் கொண்டுவந்து வைப்போம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வீட்டார் அந்த நாளை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்களோ, அப்படிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. இந்தத் தொழில்தான் என் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் குழந்தைகளுக்காக ஓர் அறிவியல் படம் எடுக்க உட்கார்ந்தபோது, இதே கை வேறொரு சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், யூதர்களின் மறைச்சுருளைக் கையால் எழுதும் எழுத்தர்கள். அவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. படித்தும் காணொளிகளில் பார்த்தும் அறிந்துகொண்டதுதான். இருந்தாலும் என் குருக்கள் யார் என்று கேட்டால் அவர்களையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

நான் இருப்பது அத்திப்பட்டில். கும்மிடிப்பூண்டி போகும் லோக்கல் ரயிலில் எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்து அத்திப்பட்டு. வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், காமராஜர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி வரும் வழியும், கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் கழிமுகமும் எங்களைச் சுற்றி இருக்கின்றன. அஜித் நடித்த 'சிட்டிசன்' 2001-இல் வந்த பிறகு, வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே, "வரைபடத்திலிருந்து அழிஞ்சுபோன ஊர்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. படத்தில் வருவது அத்திப்பட்டி என்ற கற்பனை ஊர். அது வேறு, இது வேறு என்று சொன்னாலும் சிலர் நம்பமாட்டார்கள். திரையில் பார்த்தது மனத்தில் எவ்வளவு ஆழமாகத் தங்கும் என்பதை இந்த ஊர்க்காரன் தனியாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

என் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிக்கப் போனேன்; படிப்பு அதோடு நின்றது. பிறகு கேமரா பிடித்தேன், எடிட்டிங் கற்றேன், சொந்தமாகக் கடை போட்டேன். ஆனால் பத்தாவது முடிக்கவில்லை என்பதை நெடுங்காலம் யாரிடமும் சொன்னதில்லை. என் மகளிடம்கூடச் சொன்னதில்லை. படித்தவர்கள் கூடும் இடத்தில் கேமராவுக்குப் பின்னால் நிற்பது எனக்கு வசதியாக இருந்தது. கேமரா வைத்திருப்பவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் பல ஆண்டுகள் ஒளிந்துகொண்டிருந்த இடம் அதுதான் என்பதை இப்போது வெளிப்படையாகச் சொல்ல முடிகிறது.

அறிவியல் எனக்குப் பிடிக்காமல் போனதே இல்லை. சிறுவயதில் தெருவில் டிவி இருந்த வீட்டின் வாசலில் உட்கார்ந்து தூர்தர்ஷனில் 'டர்னிங் பாயின்ட்' பார்த்திருக்கிறேன். கிரிஷ் கர்னாட் தொகுத்து வழங்குவார். பேராசிரியர் யஷ்பால் வந்து மக்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்வார். இந்தி ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அவர் கை அசைவதும், பொருளை எடுத்துக் காட்டுவதும், கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் மலர்வதும் புரியும். ஒரு கேள்விக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கும் என்பதை நான் வேறெங்கும் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தியாவில் திரை வழியாகக் குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லும் முயற்சிக்கு அவரே ஒரு தொடக்கக்காரர் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுபோன 'சைட்' சோதனை நடந்தபோது, அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துக்கு அவர்தான் இயக்குநர். அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு அறிவியலைத் தமிழில் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் வரும் அதன் 'துளிர்' இதழும் அந்த வேலையைச் செய்தன.

அப்படி ஒரு தன்னார்வலர்தான் எங்கள் பகுதியில் மாலை வகுப்பு நடத்திவந்த அக்கா. என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், கழிமுகத்தில் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகள், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் வருவார்கள். என்னிடம் இருந்த புரொஜெக்டரை அங்கே கொண்டுபோய்ப் படம் காட்டத் தொடங்கினேன்.

அதிகம் போட்டவை அரவிந்த் குப்தாவின் சின்னச் சின்னப் படங்கள். புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையத்தின் குழந்தைகள் அறிவியல் கூடத்தில் அவரும் அவர் குழுவினரும் எடுத்தவை; தமிழிலும் கிடைக்கின்றன. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் சேர்த்து முக்கோணம், சதுரம், கூம்பு என்று கட்டுவார்கள். திரையில் பெரும்பாலும் இரண்டு கைகளும் ஒரு பொருளும்தான் இருக்கும். வேறு எதுவும் கண்ணை இழுக்காது. படம் முடிந்ததும் பிள்ளைகள் தீப்பெட்டி தேடி ஓடுவார்கள். ஒரு படத்தை எழுந்து ஓடித்தான் பாராட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1977-இல் முடித்த 'பவர்ஸ் ஆஃப் டென்' படத்தையும் காட்டினோம். 1958-இல் இந்தியா வந்து இவர்கள் எழுதிய அறிக்கையால்தான் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. சிகாகோ ஏரிக்கரையில் படுத்திருக்கும் ஒருவரிலிருந்து கிளம்பி, பத்து விநாடிக்குப் பத்து மடங்கு என்று விலகிப் பேரண்டத்தின் விளிம்புக்குப் போய், திரும்பி வந்து அவர் கையின் தோலுக்குள் நுழைந்து அணுவுக்குள் முடியும் படம் அது. நீளம் ஒன்பது நிமிடம். ஓவியங்களையும் புகைப்படங்களையும் அடுக்கிச் செய்தது; கேமராவை யாரும் அங்கெல்லாம் கொண்டுபோகவில்லை. ஆனால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற எண் திரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கணக்கைக் குழந்தையே சரிபார்க்கலாம். செய்து காட்டுவதிலும் நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு எனக்கு இந்தப் படம்தான் சாட்சி.

நாமே ஒரு படம் எடுப்போம் என்று அக்காதான் சொன்னார். எதைப் பற்றி என்று பிள்ளைகளைக் கேட்டோம். ஒரு சிறுமி வீட்டிலிருந்து ஆயாவின் உரை மருந்துப் பையைக் கொண்டுவந்தாள். வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு, அவற்றோடு உருண்டையாக ஒரு மாசிக்காய். அதில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. "இத யாரு ஓட்ட போட்டது?" என்று கேட்டாள்.

அந்த ஓட்டையில்தான் எங்கள் படம் தொடங்கியது. மாசிக்காயைக் காய் என்று சொன்னாலும் அது காய் கிடையாது. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் மொட்டில் சிறு குளவி முட்டையிடும். புழு வளரும்போது மரம் அதைச் சுற்றித் திசுவைத் தடிக்க வைக்கும். அந்த வீக்கம்தான் மாசிக்காய். புழு குளவியாகி வெளியே பறந்த வழிதான் அந்த ஓட்டை. மரம் தன் துவர்ப்பையெல்லாம் அங்கே கொண்டுவந்து குவித்திருக்கும். அந்தத் துவர்ப்பு இரும்பு உப்போடு சேர்ந்தால் கறுப்பு மை கிடைக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சட்டப் பத்திரமும் கடிதமும் நூலும் எழுதியது இந்த மையால்தான்.

தேவையான மூன்று சரக்கும் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தன: மாசிக்காய் மூன்று பங்கு, அன்னபேதி இரண்டு பங்கு, கருவேலம் பிசின் ஒரு பங்கு. மாசிக்காயை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும்; அன்னபேதியைச் சேர்க்க வேண்டும்; மை தாளில் நிற்பதற்குப் பிசின். அன்னபேதியைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும், வாயில் படக்கூடாது, துணியில் பட்டால் கறை போகாது. அது பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். மஞ்சள் பூத்துப் பழசாகியிருந்தால் கலந்த உடனேயே கறுத்துவிடும், பார்க்க வேண்டிய அதிசயம் போய்விடும். ஏனென்றால் புதிய மையால் எழுதும்போது எழுத்து வெளிறித்தான் இருக்கும். காற்றுப் படப் படக் கறுக்கும். நிமிடங்களில் சாம்பல் நிறம், மறுநாள் நல்ல கறுப்பு.

இந்த இடத்தில்தான் என் தொழில் முன்னால் வந்து நின்றது. வெளிறிய எழுத்து ஒரு ஷாட், கறுத்த எழுத்து ஒரு ஷாட், நடுவில் ஒரு 'டிசால்வ்' என்று மனத்துக்குள் எடிட் செய்துவிட்டேன். பிள்ளைகள் அலுத்துப்போய்ப் படத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதைச் சொல்லிக்கொண்டே கேமராவைச் சரிசெய்தபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பையன் கேட்டான்: "இன்னாண்ணா, அப்புறமா எடிட் பண்ணிக் கறுப்பாக்கிடுவியா?"

அவன் குற்றம் சொல்லவில்லை. அவன் பார்க்கும் உலகில் எல்லாமே அப்படித்தான் நடக்கிறது. கையிலிருக்கும் போனில் முகம் வெளுக்கிறது, பூனை பேசுகிறது, ஒருவர் இரண்டு பேராகிறார். எங்கள் காலத்தில் திரையில் வந்தால் உண்மை என்று நம்பினோம். இந்தப் பிள்ளைகள் திரையில் வந்தாலே யாரோ செய்து வைத்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் 'டிசால்வ்' ஒரு நிஜமான மாற்றத்தையே காட்டியிருக்கும். ஆனால் அதை நம்புவதற்கு அவனிடம் காரணம் எதுவும் இருந்திருக்காது.

அவன் சந்தேகத்துக்கு வரலாறும் துணை நிற்கிறது. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1958-இல் வெளியிட்ட 'ஒயிட் வைல்டர்னஸ்' ஆவணப்படத்தில், லெம்மிங் என்ற எலி போன்ற சின்ன விலங்குகள் கூட்டமாகப் பாறை விளிம்பிலிருந்து தண்ணீரில் குதித்துச் சாகும் காட்சி வரும். படத்துக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. அந்தக் காட்சி கனடாவின் ஆல்பர்ட்டாவில், லெம்மிங்குகளே இல்லாத பகுதியில், விலைக்கு வாங்கிவந்த விலங்குகளை வைத்துத் தயாரிக்கப்பட்டது என்பதை 1982-இல் கனடா தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று வெளிக்கொண்டுவந்தது. அவை தாமாகக் குதிக்கவில்லை, தள்ளிவிடப்பட்டன. அதற்குள் கால் நூற்றாண்டு போயிருந்தது. லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஒரு வெட்டும் ஒரு ஒட்டும் சேர்ந்து ஒரு தலைமுறையின் அறிவில் பொய்யை எழுதிவிட்டன.

மையைப் பற்றி மேலும் தேடியபோதுதான் யூத எழுத்தர்களைப் பற்றிப் படித்தேன். எங்கள் மேசையில் இருந்த அதே மூன்று சரக்கு இன்றும் அவர்களில் பலருடைய மைக்கூட்டிலும் இருக்கிறது: மாசிக்காய், உலோக உப்பு, பிசின். உலகில் கணினியும் அச்சும் வந்த பிறகும், தொழுகைக் கூடத்தில் வாசிக்கும் தோராச் சுருளைக் கையால்தான் எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. பதப்படுத்திய விலங்குத் தோலில், மை இல்லாத கூர்முனையால் கோடு கீறி, வாத்து அல்லது வான்கோழி இறகாலோ நாணலாலோ எழுதுகிறார்கள். எழுத்துகள் கோட்டின் மேல் உட்காராமல் கோட்டிலிருந்து தொங்கும். மொத்தம் 3,04,805 எழுத்துகள். எழுதி முடிக்க ஓராண்டுக்கு மேல்கூட ஆகும். எழுத்தருக்கு முழுதும் மனப்பாடமாகத் தெரிந்தாலும் மூலப்படியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்ன பிறகே இறகு தோலில் படவேண்டும். ஒரு எழுத்து இன்னொரு எழுத்தைத் தொடக்கூடாது. ஒவ்வொன்றைச் சுற்றியும் வெறுந்தோல் தெரிய வேண்டும். ஒரே ஒரு எழுத்து பிழையாக இருந்தாலும், திருத்தும் வரை அந்தச் சுருளை வாசிப்புக்குப் பயன்படுத்துவதில்லை. பிழையைக் கத்தியால் சுரண்டித் திருத்தலாம். இறைவன் பெயரில் பிழை வந்தால் மட்டும் சுரண்டவே கூடாது.

நம் ஏடெழுதியவர்களை நினைத்துக்கொண்டேன். ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதினார்கள். ரகரமும் காலும் ஒரே வடிவில் இருந்தன. படிப்பவர் அறிவை நம்பி எழுதிய எழுத்து அது. உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேட வேண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எபிரேய எழுத்தர்களின் வழி இதற்கு எதிர்ப்பக்கம். படிப்பவரின் ஊகத்துக்கு எதையும் விட்டுவைப்பதில்லை. தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளுக்கும் வேறுபாடு மேல் மூலையில் உள்ள ஒரு சின்ன முனைதான். அந்த முனைக்காக ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறார்.

இந்த யூத மக்கள் நமக்கு அந்நியர்களும் இல்லை. 849-ஆம் ஆண்டின் கொல்லம் செப்பேட்டில், வட்டெழுத்தில் அமைந்த சாசனத்தோடு, சாட்சிகளின் கையெழுத்துகள் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. சென்னையில் வைர, பவள வணிகத்துக்காக வந்த யூதர்கள் கோட்டைக்கு வெளியே குடியிருந்தார்கள். பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. கோல்கொண்டா வைரத்தைத் தேடி வந்த ஜாக் டி பைவா 1687-இல் இங்கேதான் இறந்தார். மறு ஆண்டு தொடங்கிய சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கல்லறைக் கற்கள் 1979-இல் காசிமேட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 1983-இல் துறைமுக விரிவாக்கத்தின்போது லாயிட்ஸ் சாலைக்குப் போயின. எபிரேய எழுத்து வெட்டிய கற்கள் சில ஆண்டுகள் எங்கள் வடசென்னையின் மீன்பிடி துறைமுகத்துப் பக்கத்தில் இருந்தன என்பதைப் படித்தபோது, இது எங்கோ இருப்பவர்களின் கலை என்ற எண்ணம் போய்விட்டது.

அவர்கள் விதிகளில் இரண்டு என் வேலையை மாற்றின.

முதல் விதி, கதவு நிலையில் பொருத்தும் மெசூசாவுக்கும், தொழுகையின்போது கையிலும் நெற்றியிலும் கட்டும் பேழைக்குள் வைக்கும் தோல் துண்டுகளுக்கும் உரியது. அவற்றில் எழுத்துகளை வரிசை பிசகாமல் எழுத வேண்டும். நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போனதைப் பின்னால் கண்டு இடையில் சேர்த்தால் அது செல்லாது. ஆனால் சேர்த்ததைக் கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. இறகைப் பிடித்தவருக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் எழுத்தர் கையெழுத்து அழகானவராக இருந்தால் போதாது, மனசாட்சிக்கு அஞ்சுபவராக இருக்க வேண்டும் என்று அந்த மரபு வற்புறுத்துகிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எடிட்டிங் மேசையில் நான் செய்வதும் அதுதான்: வெளியில் தெரியாத வெட்டு. எவ்வளவு தெரியாமல் வெட்டுகிறேனோ அவ்வளவு திறமைசாலி என்று பெயர் வாங்கியவன் நான். கல்யாண வீட்டுக்கு அந்தத் திறமை போதும். குழந்தைக்குப் படம் எடுக்கும்போது, அவள் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதில்தான் என் யோக்கியதை இருக்கிறது.

இரண்டாவது விதி யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான தால்மூதிலேயே இருக்கிறது. ஒரு எழுத்தின் வடிவில் ஐயம் வந்தால், இது 'வாவ்' என்ற எழுத்தா, 'யோத்' என்ற எழுத்தா என்று பெரியவர்களால் முடிவு செய்ய முடியாவிட்டால், ஒரு குழந்தையை அழைத்துவந்து காட்டுவார்கள். அதிபுத்திசாலியும் வேண்டாம், மந்தமும் வேண்டாம். எழுத்து தெரிந்த, ஆனால் அந்த வரியின் பொருள் தெரியாத குழந்தையாக இருக்க வேண்டும். பொருள் தெரிந்தால் இடத்தை வைத்து ஊகித்துவிடும். குழந்தை சரியாகப் படித்தால் எழுத்து செல்லும். படிக்காவிட்டால் செல்லாது. பெரிய பண்டிதர்கள் சுற்றி நிற்க, தீர்ப்பு சொல்லும் இடத்தில் பொருள் தெரியாத ஒரு பிள்ளை நிற்கிறது. குழந்தை படிக்கவில்லை என்றால் குழந்தையைத் திட்டுவதில்லை, எழுத்தைத்தான் கவனிக்கிறார்கள்.

படிப்பை விட்டவன் என்று இத்தனை நாள் நான் மறைத்துவந்தது, அந்த வரிகளைப் படித்தபோது வேறு நிறத்தில் தெரிந்தது. தெரியாதவனுக்கும் அறிவின் சபையில் ஓர் ஆசனம் உண்டு. தெரிந்தவர்களால் செய்ய முடியாத ஒரு வேலை அவனுக்கு இருக்கிறது: தெரிந்தது போல் நடிக்காமல், கண்ணில் படுவதைச் சொல்வது.

படத்தை மறுபடியும் திட்டமிட்டோம். எழுத்து கறுக்கும் இடத்தை வெட்டில்லாமல் எடுப்பது என்று முடிவு செய்தோம். ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, சட்டகத்துக்குள் ஒரு சுவர்க்கடிகாரத்தை வைத்தோம். எழுதியது அந்தச் சிறுமியின் கை. வேகமாக ஓட்டிய இடத்தில் கடிகார முள்ளும் வேகமாக ஓடியது. பார்ப்பவருக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று தெரியும். மறுநாள் காட்சிக்குப் போகும் இடத்தில், "இங்கே கேமராவை நிறுத்தினோம்" என்று அவள் குரலிலேயே சொல்லவைத்தோம். அந்தப் பையனைத்தான் கடிகாரத்துக்குக் காவலாக உட்கார வைத்தேன். அவன் இமைகொட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

பிறகு குழந்தைத் தேர்வு. எங்கள் வகுப்புக்கு வராத, மாசிக்காய் பற்றி எதுவும் அறியாத பிள்ளைகளைக் கூப்பிட்டு, விளக்கக் குரலை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் காட்டி, "என்ன பார்த்தே?" என்று கேட்டோம். ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "ஈரம் காஞ்சுது, அதான் கறுப்பாச்சு."

எவ்வளவு சரியான பார்வை. நாங்கள் காட்டியதில் எழுத்து காய்ந்துகொண்டும் இருந்தது, காற்றுப் பட்டுக்கொண்டும் இருந்தது. இரண்டில் எது காரணம் என்று எங்கள் படம் சொல்லவே இல்லை. விளக்கக் குரல்தான் காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் படத்தில் அந்த எழுத்தே இல்லை. அக்கா உடனே ஒரு சோதனையைச் சேர்த்தார். அதே மையைச் சின்னப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடினோம். கொஞ்சத்தைத் தட்டில் திறந்து வைத்தோம். தட்டில் இருந்தது ஈரம் போகாமலே கறுத்தது. பாட்டிலில் இருந்தது அதைவிட வெளிறியே இருந்தது. இதைச் சேர்த்த படத்தைப் போட்டபோது அந்தப் பெண்பிள்ளையே, "அப்ப காத்துதான்" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் எங்கள் படம் செல்லும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

காற்றுப் பட்டால் ஏன் கறுக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். வழக்கமாகக் கேமராவைச் சரிசெய்வது போல் குனிந்துகொள்வேன். அன்று பிள்ளைகளிடம் சொன்னேன்: "எனக்குத் தெரியாதுப்பா. நான் பத்தாவது முடிக்கலை. அக்கா சொல்லட்டும், நானும் உங்களோட உட்கார்ந்து கேட்கிறேன்." என் மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் நகர்ந்து பாயில் இடம் விட்டான். இரும்பு ஓர் எலக்ட்ரானை இழக்கிறது, ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது, அப்படி மாறிய இரும்பு மாசிக்காய்த் துவர்ப்போடு சேர்ந்து கரையாத கறுப்பாகத் தாளில் தங்கிவிடுகிறது என்று அக்கா சொன்னார். முழுதாகப் புரியவில்லை. இப்போது மகளின் பாடப்புத்தகத்தைப் படிக்கிறேன். புரியாத இடத்தில் அவளைக் கேட்கிறேன், அவள் சந்தோஷமாகச் சொல்லித்தருகிறாள்.

இன்று தமிழில் குழந்தைகளுக்காக அறிவியல் காணொளி செய்பவர்கள் ஏராளமானவர்கள். கையிலிருக்கும் போனே கேமரா, போனே எடிட்டிங் அறை. அவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள் போலத்தான் எனக்கு. அவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. சோதனை நடக்கும் இடத்தில் வெட்டாதீர்கள். வெட்ட வேண்டியிருந்தால் வெட்டினேன் என்று சொல்லுங்கள். வேகப்படுத்தினால் கடிகாரத்தைக் காட்டுங்கள். முதல் முறை வராமல் போனால் அதையும் காட்டுங்கள். வீட்டில் செய்து பார்க்கும் பிள்ளைக்கும் முதல் முறை வராது, அவள் தன்னை மக்கு என்று நினைத்துக்கொள்ளக்கூடாது. நாட்டு மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும் பொருளைக் கொண்டு செய்யுங்கள். அப்போதுதான் உங்களைச் சரிபார்க்க அவளால் முடியும். சரிபார்க்க முடியாத அறிவியலைக் குழந்தைக்குக் கொடுத்தால், நாம் கொடுப்பது இன்னொரு நம்பிக்கையைத்தான்.

கடைசியாக ஒன்று. படத்தை வெளியிடும் முன், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, குரலை நிறுத்திவிட்டு, நாமும் வாயை மூடிக்கொண்டு, என்ன பார்த்தாய் என்று கேட்க வேண்டும். பாடம் எழுதுபவர்களுக்கும் வகுப்பெடுப்பவர்களுக்கும்கூட இது பொருந்தும். அந்தக் குழந்தை வேறு எதையோ படித்தால், அதற்கு விளக்கம் சொல்ல ஆரம்பிக்கக்கூடாது. கத்தியை எடுத்து நம் எழுத்தைச் சுரண்டித் திருத்த வேண்டும், திரும்பவும் அவளிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.